நீராவிக் குளியல்: வியர்வை எதைக் கழுவும்?

"உடம்பிலுள்ள நச்சுக்களை வியர்வையாக வெளியேற்றுங்கள்" என்று எழுதிய துண்டுப்பிரசுரங்களை இப்போது நகரத்து அழகு நிலையங்களில் காண்கின்றோம். பலகையால் அடைத்த சிறிய அறை, சூடான நீராவி, அரை மணித்தியாலம். அதற்குக் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணின் இரண்டு மூன்று நாள் உழைப்புப் போய்விடுகின்றது. உடம்பு உளைவு, நித்திரையின்மை, தீராத களைப்பு என்று அவதிப்படும் சகோதரிகள் சிலர், இதற்குக் காசு சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். நான் முப்பது வருடம் தாதியாக வேலை செய்தவள். இந்தக் குளியலுக்குப் பேர்போன பின்லாந்திலும் 2016 இல் தங்கையுடன் மூன்று மாதம் தங்கியிருந்தேன். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகின்றேன்.

சவுனா என்றால் என்ன?

ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் சுமார் 30 இலட்சம் சவுனாக்கள் இருப்பதாகக் கணக்கிடுகின்றார்கள். மர அறையின் மூலையில் அடுப்பு. அதன்மேல் கருங்கற்கள். அறையின் சூடு 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை ஏறும். கல்லின்மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பும். பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து வியர்த்தபின் வெளியே வந்து ஆறுவார்கள். தம்பெரே நகரிலே 1906 இல் தொடங்கிய பொதுச் சவுனா ஒன்று இன்றும் நடக்கின்றது. பெண்களுக்குத் தனி அறை உண்டு. யுனெஸ்கோ 2020 இல் இந்த வழக்கத்தை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

முற்காலத்தில் அங்கு பிரசவம் பார்த்ததும், இறந்தவரைக் கழுவியதும் சவுனாவில்தான். வீட்டிலே சுத்தமான, சூடான, வெந்நீர் கிடைக்கும் இடம் அது ஒன்றே.

இடம்பெயர்ந்தவர்களின் முதற் கூரை

1944 இல் கரேலியா என்ற பிரதேசம் சோவியத் ஒன்றியத்திடம் போனபோது, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு பின்லாந்தின் ஏனைய பகுதிகளுக்கு வந்தார்கள். அப்படி ஆறு வயதில் வந்த ஒரு அம்மாவை நான் சந்தித்தேன். தங்கை மொழிபெயர்த்தாள். அரசு கொடுத்த காணியில் தகப்பன் முதலிற் கட்டியது சவுனாவையாம். வீடு எழும்பும்வரை ஐந்து பேரும் அதற்குள்ளேயே ஒரு மாரிகாலத்தைக் கழித்தார்களாம். தம்பி பிறந்ததும் அங்கேதானாம். தறப்பாள் கொட்டிலில் பிள்ளை வளர்த்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குடியேறிய பலர் அவ்வாறே முதலில் சவுனாவைக் கட்டினார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

நஞ்சு வெளியேறுமா?

வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர். மிகுதியிற் பெரும்பகுதி உப்பு. வேறு கழிவுகள் மிகச் சொற்பம். வியர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. நஞ்சை மாற்றுவது ஈரல், வெளியேற்றுவது சிறுநீரகம். இரு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் நீரைக் குருதியிலிருந்து வடித்து, அதில் ஒன்றிரண்டு லீற்றரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக்கொண்டிருந்தால் அந்த வேலைதான் தடைப்படும். ஒருமுறை சவுனாவில் இருந்தால் அரை லீற்றர் அளவில் வியர்க்கும். வெளியே வந்து நிறுத்துப் பார்த்துக் குறையும் நிறை, கொழுப்பல்ல. தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும்.

அப்படியானால் பயனில்லையா? உண்டு. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரியும், தசைப்பிடிப்பு இளகும், இதயம் வேகநடையில் போல் இயங்கும், பின்னர் நல்ல நித்திரை வரும். கிழக்குப் பின்லாந்தில் 2,315 ஆண்களை ஏறத்தாழ இருபது வருடம் கவனித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கு நான்கு தொடக்கம் ஏழு முறை சவுனாவுக்குப் போனவர்களிடையே திடீர் மாரடைப்பு மரணம் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் சுகமாக இருப்பவர்களே அடிக்கடி போவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

எங்கள் வீட்டு வேது

நொச்சி, வேப்பிலை அவித்து வேது பிடிப்பதும், பிள்ளைப்பெற்றவளுக்கு இலை அவித்த வெந்நீர் வார்ப்பதும் எங்கள் ஆச்சிமார் கண்ட சுகம். உளைவுக்கு வெந்நீர்க் குளிப்பும், பொறுக்கும் சூட்டில் ஒத்தடமும், இரவில் இருபது நிமிடம் வெந்நீரில் கால் வைத்திருப்பதும் போதும். வேது பிடிக்கும்போது பானையை அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத சமதரையில் வையுங்கள். பிள்ளைகளை கிட்ட விடாதீர்கள். கொரோனாக் காலத்தில் பல நாடுகளில் வேதுப் பானை கவிழ்ந்து சிறுவர்கள் எரிகாயமடைந்தார்கள்.

எங்களுக்கு வேண்டிய எச்சரிக்கைகள்

முள்ளந்தண்டு காயப்பட்டு உணர்விழந்தவர்களுக்குச் சூடு தெரியாது. அந்தப் பகுதி வியர்க்கவும் மாட்டாது. இவர்கள் நீராவி அறைக்குப் போகவே கூடாது. ஒத்தடச் சூட்டையும் உணர்வுள்ள ஒருவர் கையால் பார்க்க வேண்டும். நீரிழிவினால் கால் மரத்தவர்களுக்கும் இதுவே.

உடம்பிலுள்ள ஷெல் துண்டு வியர்வையால் வெளியேறாது. அது நொந்தால், வீங்கினால் சத்திரசிகிச்சைக் கிளினிக்கிற் காட்டுங்கள். செயற்கைக்கால் பாவிப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு இருங்கள். பின்னர் துண்டக் காலை நன்றாகத் துடைத்து உலரவிட்டுப் பூட்டுங்கள்.

கர்ப்பவதிகள், இருதய நோயாளர், குருதி அமுக்கத்துக்கு மருந்து எடுப்போர், சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேளாமற் போகவேண்டாம்.

பங்கருக்குள் நாட்கணக்கில் இருந்த சிலருக்குப் பூட்டிய, இருண்ட, சூடான அறை நெஞ்சை அடைக்கும். அது உங்கள் பலவீனமல்ல. கதவைத் திறந்து வெளியே வாருங்கள். திரும்பப் போகவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

தண்ணீரும் ஓய்வும்

சகோதரிகளே, வயலிலும் வாடியிலும் நாங்கள் நாள் முழுவதும் வியர்க்கின்றோம். எங்களுக்குக் குறைவது வியர்வையல்ல, தண்ணீர். வேலைத்தலத்தில் மலசலகூடம் இல்லையென்று காலையிலிருந்து தண்ணீர் குடியாமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! பெண்கள் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து மலசலகூடம் கேட்டால், அது எந்த நீராவி அறையையும் விட உங்கள் சிறுநீரகத்துக்கு நன்மை செய்யும்.

களைப்பு மாதக்கணக்கில் நீடித்தால் இரத்தச்சோகை, சீனி, அமுக்கம் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. எங்கே, எந்த நாளில் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். நீராவிக்குச் சேர்க்க நினைத்த காசில் முட்டையும் கீரையும் பயறும் வாங்குங்கள். இரவில் ஒரு வாளி வெந்நீரும், யாரும் கூப்பிடாத அரை மணித்தியாலமும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.