பெஞ்சாமின் என்று ஒருவர்

சின்ன வயதில் பெஞ்சாமின் என்பது யாரோ ஒரு வெள்ளைக்கார துரையின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், “மோட்டார் எடுக்கணும்ணே, ஒரு பெஞ்சாமின் வேணும்” என்று யாராவது பெரியப்பாவைத் தேடி வருவார்கள். அவரும் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பெஞ்சாமின் என்பது பிணை நிற்பவரைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை மோட்டார் எடுத்தவர் தோட்டத்தைவிட்டே போய்விட்டார். மீதித் தவணையைப் பெரியப்பாதான் கட்டினார். அந்த இரண்டு தீபாவளிக்கும் பெரியம்மா புதுச்சேலை எடுக்கவில்லை.

அண்மையில் வானொலி நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தம்பி அழைத்தார். “அக்கா, கூட்டாளி கார் வாங்குறான். சும்மா ஒரு கையெழுத்துதானே?” அந்தச் ‘சும்மா’தான் என்னை அகராதியைப் புரட்ட வைத்தது.

நம் ‘ஜாமீன்’, மலாயின் ‘ஜாமின்’ இரண்டுக்கும் மூலம் ஒரே அரபுச் சொல்தான். ஆங்கிலத்தில் ‘கேரண்டி’யும் ‘வாரண்டி’யும் அப்படித்தான்; ஒரே பிரெஞ்சுச் சொல்லின் இரு வட்டார உச்சரிப்புகள். கடன் வாங்குவதைச் சொல்லும் ‘பாரோ’ என்ற சொல்லின் வேரோ, பழைய ஆங்கிலத்தில் பிணையைக் குறித்த ‘போர்க்’. அதாவது, கடனுக்குள்ளேயே பிணை ஒளிந்திருக்கிறது!

காப்புறுதிக்கும் பழைய ஆங்கில வழக்கில் இரண்டு சொற்கள். தீ, விபத்து போல நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதற்கு ‘இன்சூரன்ஸ்’. மரணம் நிச்சயம், நாள்தான் தெரியாது. அதனால் ஆயுளுக்கு ‘அஷூரன்ஸ்’. 1908இல் சிங்கப்பூரில் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் பெயரிலும் அந்தச் சொல் உண்டு. தமிழ்நாட்டில் ‘காப்பீடு’ என்பதை நாம் ‘காப்புறுதி’ என்கிறோம். காப்பும் உறுதியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

‘பிரீமியம்’ என்பதற்கு லத்தீன் மூலத்தில் வெகுமதி என்று பொருள். நம் ஆபத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதற்காகக் காப்புறுதி நிறுவனம் வாங்கும் தொகை அது. பிணை நிற்பவரும் அடுத்தவர் ஆபத்தைத்தான் தலையில் ஏற்றுகிறார். ஆனால், அவருக்குக் கிடைப்பது ஒரு கோப்பை தே தாரேக். பெரியப்பா பிரீமியம் வாங்காத காப்புறுதிக் கம்பெனியாக இருந்திருக்கிறார்!

இன்று சட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. 2017 அக்டோபர் 6 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, கல்விக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனத் தவணை, குடியிருக்கும் வீட்டுக்கான கடன் ஆகியவற்றுக்கு லாபநோக்கமின்றிப் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால், கடன் மறைந்துவிடாது. பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம். வியாபாரக் கடனுக்கு நின்றால் இந்தப் பாதுகாப்பும் இல்லை.

எனவே, பேனாவைத் திறக்குமுன் மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் என்று கேளுங்கள். பத்திரத்தின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தவணை நின்றுபோனால் முழுத் தொகையையும் உங்களால் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “நின்னது தப்பில்லம்மா. படிச்சுப் பார்க்காம நின்னேன் பாரு, அதான்” என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தம்பியிடம் முதலில் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.