கல்லுக்கு நெருப்பு ஆகாது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகாலத்தில் நம் அன்னையாரின் வெள்ளி மோதிரம் வளையத்தில் அற்றுப்போயிற்று. நடுவே நான்கு நகங்கள் பிடித்த சந்திரகாந்தக் கல். பட்டணத்துக் கடையொன்றிற் கொடுத்தோம். அவசரத்தில் அங்கே கல்லைக் கழற்றாமலே ஊதுகுழலைப் பிடித்துவிட்டனர். வளையம் ஒட்டிக்கொண்டது, கல்லோ குறுக்கே வெடித்து, நீலவொளி அவிந்து திரும்பி வந்தது. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. மோதிரத்தைச் செப்புக்குள் இட்டு மூடிவிட்டார்.

சந்திரகாந்தம் நிலவிற் பட்டால் நீர் கசியும் என்பது புலவர் கற்பனை. (அநுராதபுரத்துப் படிகளின் அடியிலுள்ள சந்திரவட்டக் கல் முற்றிலும் வேறு, மாணவர் குழம்ப வேண்டா.) அணியில் வைக்கும் இக்கல் பெல்சுபார் இனத்தது. இருவகைப் பெல்சுபார்கள் மிக மெல்லிய அடுக்குகளாய் மாறிமாறிப் படிந்திருக்க, அவற்றிடையே ஒளி சிதறுவதாலேயே அந்த நீலம் மிதக்கிறது. காலி மாவட்டத்து மீட்டியாகொட இக்கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆயின் அழகுள்ள அளவுக்கு உறுதி இல்லை. மோவின் கடின அளவையில் நீலக்கல் 9 ஆக, இது 6 முதல் 6.5 வரையே, அன்றியும் இரு திசைகளில் எளிதிற் பிளக்கும். நகங்களுக்கிடையே ஓரம் வெளித்தெரியும்படி இதனை விடுவது சரியன்று. சுற்றிலும் வெள்ளி விளிம்பு எழுப்பி அணைத்துப் பிடிப்பதே தக்கது.

நம் ஊரிலே முதிய பத்தர் ஒருவர் இருந்தார். வேறொரு கல்லை வாங்கிக்கொண்டு அவரிடம் சென்றோம். ஒரு பகல் முழுவதும் பட்டடையருகே உட்கார்ந்து பார்க்கும் பேறு கிடைத்தது.

வளையத்துக்கு 92.5 வீதம் வெள்ளியும் மிகுதி செம்பும் சேர்ந்த உலோகம். விளிம்புக்கோ தூய வெள்ளித் தகடு. தூய வெள்ளி மென்மையானது. விரலாற் சொன்னால் கேட்கும் என்றார். தகட்டு நாடாவைக் கல்லைச் சுற்றி வளைத்து, இரு முனைகளையும் இடையே வெளிச்சம் தெரியாதபடி அராவிப் பொருத்தினார். தளர்ந்தால் கல் ஆடும். இறுகினால் உள்ளே இறங்காது. உயரமும் அப்படியே: கூடினால் கல்லை மறைக்கும், குறைந்தால் பிடிக்காது. இந்த அளவு பார்த்தலிலேயே காலைப்பொழுது கழிந்தது.

பின்பு பற்றாசு வைத்தார். அது வெள்ளியோடு செம்பும் நாகமும் கலந்தது. தூய வெள்ளி உருகுவது 962 பாகை செல்சியசில். பற்றாசு அதற்கு முன்னரே உருகி இடுக்கில் ஓடும். உலோகத்தின் மேல் மாசு படியாமல் வெண்காரம் காக்கும். தீயைப் பற்றாசின்மீது பிடிப்பதில்லை. தகடு முழுவதையும் காய்ச்சினால், சூடுள்ள பக்கம் அது தானே ஓடுகிறது. விளிம்பின் மூட்டு, அதனை அடித்தகட்டோடு ஒட்டுதல், வளையம் சேர்த்தல் என மும்முறை நெருப்பு. ஒவ்வொரு முறையும் முந்தியதினும் எளிதில் உருகும் பற்றாசு வேண்டும். இன்றேல் முன்னைய ஒட்டு விட்டுப்போம். கறுத்த வெள்ளியைப் புளித்தண்ணீரிலிட்டுக் கொதிக்கவைத்து வெளுப்பாக்கினார்.

இவ்வளவும் நடக்கையில் கல் ஒரு கடதாசி மடிப்புக்குள்ளேயே கிடந்தது. நாம் அதனைப் பார்ப்பதைக் கண்டு, “நெருப்பு வேலை முழுக்க முடிஞ்ச பிறகுதான் கல்லு, வாத்தியார்” என்றார்.

மாலையில் மடிப்பைப் பிரித்தார். குறுக்கே ஒரு நூலை இட்டு, அதன்மேற் கல்லை இறக்கிப் பார்த்தார். சரியில்லையெனில் நூலை இழுத்தாற் கல் வெளிவந்துவிடும். இரண்டாம் முறை நூலை எடுத்துவிட்டு, உருக்குக் கோலால் விளிம்பை அழுத்தத் தொடங்கினார். முதலில் வடக்கு, உடனே எதிரே தெற்கு; பிறகு கிழக்கு, மேற்கு; அப்பால் இடைவெளிகள். ஒரே பக்கமிருந்து சுற்றிக்கொண்டு போனால் மிகுதித் தகடு முடிவிலே திரண்டு மடிந்துவிடுமாம். அந்த நேரத்தில் அவர் பேசவில்லை. நாமும் மூச்சடக்கியே இருந்தோம். ஓர் அழுத்தம் மிஞ்சினால் இந்தக் கல்லும் போய்விடும். கடைசியில் மெருகுக்கோலால் விளிம்பைத் தேய்க்க, கல்லும் வெள்ளியும் சேருமிடம் தெரியாமற் போயிற்று.

இரவு, அன்னையார் மோதிரத்தை விளக்கருகே சாய்த்துப் பார்த்தார். நீலம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. சிறிது நேரம் விரலிலே போட்டிருந்துவிட்டு, வெடித்த பழைய கல் எங்கே என்று கேட்டார். பத்தர் அதையும் கடதாசியில் மடித்துத் தந்திருந்தார்; எடுத்துக் கொடுத்தோம்.