முதிய கணினிக்கு ஒரு வேலி

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் திட்டு வாங்கினேன். அறிக்கைக்காகச் சோதனை இயந்திரத்தின் பதிவுகளை எடுக்கலாமென்று என் தம்ப் டிரைவை அதன் கணினியில் செருகப் போனேன். "தம்பி, கையை எடு!" என்று ஓடி வந்தார் பராமரிப்புப் பிரிவு அண்ணன். திரையில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. தொடக்கப் பள்ளிக் கணினி அறையோடு நான் மறந்துவிட்ட ஒன்று!

"புதுக் கணினி வாங்கக் கூடாதா, அண்ணே?"

"கணினி ரெண்டாயிரம் வெள்ளி. அதோட ஒட்டிக்கிட்டிருக்கிற இயந்திரம் என்ன விலை தெரியுமா?"

சிக்கல் இங்கேதான் இருக்கிறது, நண்பர்களே. இயந்திரம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்; இயங்குதளம் அவ்வளவு நாள் தாங்காது. 2001இல் வந்த எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் அதே கதி நேர்ந்தது. கணினியை மட்டும் மாற்றலாமென்றால், இயந்திரத்தோடு பேசும் அட்டை புதிய கணினியில் பொருந்தாது. அதன் மென்பொருளும் புதிய இயங்குதளத்தில் ஓடாது.

"இணையத்தில் இல்லாத கணினிக்கு என்ன ஆபத்து?" என்று நானும் நினைத்தேன். ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட், 2010இல் கண்டறியப்பட்டது. அது தம்ப் டிரைவ் வழியாகவும் பரவக்கூடிய நச்சுநிரல். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில், புதிய இயந்திரம் ஒன்றைச் சோதிக்காமல் வலையமைப்பில் இணைத்தார்கள். வானாக்ரை நச்சுநிரலின் ஒரு வகை பரவி, உலகின் மிகப் பெரிய ஒப்பந்தச் சில்லு உற்பத்தியாளரின் ஆலைகள் தடுமாறின.

அந்த வானாக்ரை 2017 மே மாதம் வெடித்தபோது ரெனோ கார் ஆலைகள் சில நின்றன. ஜூனில் ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை ஒருநாள் மூடப்பட்டது. யாரும் எதையும் சொடுக்கத் தேவையில்லை. கோப்புகளைப் பகிரும் 445ஆம் வாயில் வழியே அது தானாகவே தாவியது. அதில் அதிகம் சிக்கியவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7 கணினிகள்தாம். அவற்றுக்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. ஆகவே முதுமையை மட்டும் பழிப்பது நியாயமன்று.

திருத்தமே வராத கணினியை என்ன செய்வது? அதைச் சுற்றி வேலி போட வேண்டும். அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்து, நடுவில் தீச்சுவர் வைத்து, தேவையான ஓரிரு வாயில்களை மட்டும் திறந்து வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது அனுமதிப் பட்டியல் முறை. நச்சுநிரல் தடுப்பான் கெட்டவனின் படத்தை வைத்துக்கொண்டு தேடுகிறது. நாள்தோறும் புதுக் கெட்டவன் வருவதால் அதற்கு ஓயாத புதுப்பிப்பு வேண்டும். அனுமதிப் பட்டியலோ, அழைப்பிதழ் உள்ளவரை மட்டும் மண்டபத்துக்குள் விடுவதைப் போன்றது. தினமும் அதே நான்கு நிரல்களை ஓட்டும் இயந்திரக் கணினிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. நம் மடிக்கணினிக்கு இது சரிப்படாது.

தம்ப் டிரைவுக்கென்று வாசலில் தனியே ஒரு சோதனைக் கணினி இருந்தது. என்னுடையதில் இரண்டு நச்சுநிரல்கள் அகப்பட்டன! நகல்கடையில் ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாம். அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கடைசி அரண் வன்தட்டின் முழுப் பிரதி. அலமாரியில் ஒன்று பத்திரமாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக யாரும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. பயிற்சி முடியும் வாரம், இயந்திரம் ஓய்விலிருந்த ஒரு ஞாயிறன்று பொருத்திப் பார்த்தோம். திரை கறுப்பாகவே இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளும் அந்த வரிசை பிரதியே இல்லாமல்தான் ஓடியிருக்கிறது. மூல வன்தட்டிலிருந்து புதிதாகப் பிரதியெடுத்து, அதைப் பொருத்தி விசையைத் தட்டும்போது இரவு மணி ஒன்பது. எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்த பிறகுதான் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.