இடி முழங்கினால் நெஞ்சு ஏன் பதறுகிறது?

ஐப்பசி மாதத்து ஒரு பின்னேரம். மானிப்பாயில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மரவள்ளித் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த எமது அயலவர் ஒருவர், இடி முழங்கிய கணமே காதுகளைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தார். "இஞ்சருங்கோ, இடியப்பா! எழும்புங்கோ" என்று மனைவி ஓடிவந்து தூக்கினார். அவர் எழுந்து சேற்றைத் துடைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், தேத்தண்ணீரைத் தட்டி ஊற்றிய பேரனுக்கு ஓங்கி அடித்துவிட்டார். பிள்ளை அழுதது. அவரும் திண்ணையில் இருந்து அழுதார். இரவு முழுவதும் நித்திரையில்லை. மறுநாள் எம்மிடம் கேட்டார்: "எனக்கு விசர் பிடிக்குதோ?"

1990இல் வலிகாமம் வடக்கில் இருந்த காணியை விட்டு எழும்பியவர் அவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர். அவரது கேள்வியை வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருப்பவர்கள் எம்மிடையே பலர். ஆகவே அதற்குரிய விடையை எல்லோருக்கும் பொதுவாகவே இங்கு தருகிறோம்.

இது விசர் அல்ல. மூளை தன் வேலையைத்தான் செய்கிறது. சண்டை முடிந்துவிட்டது என்பதை மட்டும் அது இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

மூளைக்குள் ஒரு காவற்காரன்

எமது மூளையின் இரு பக்கங்களிலும், ஆழத்தில், வாதுமைப் பருப்பளவான ஒவ்வொரு சிறு பகுதி உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். இதை வீட்டு வாசலில் நிற்கும் காவற்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். காதும் கண்ணும் கொண்டுவரும் செய்தியில் ஆபத்து உண்டா என்று பார்ப்பது அவனது முக்கிய வேலை.

அமெரிக்க நரம்பியல் அறிஞர் யோசப் லெடூ எலிகளை வைத்து இதை ஆராய்ந்தார். ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, உடனே சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார். பின்னர் ஒலியை மட்டும் கேட்டபோதும் எலிகள் அசையாமல் உறைந்து நின்றன. ஒலி பற்றிய செய்தி அமிக்டலாவுக்கு இரண்டு பாதைகளால் செல்வதை அவர் கண்டார். ஒன்று, சிந்திக்கும் மூளையைச் சுற்றிப் போகும் நீண்ட பாதை. மற்றது நேரே போகும் குறுக்குப் பாதை. குறுக்குப் பாதையால் வரும் செய்தி தெளிவில்லாதது. ஆனால் முந்தி வந்துவிடும். இடி என்று அயலவர் உணர முன்னரே அவரது உடல் நிலத்தில் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

காவற்காரன் குரல் கொடுத்தவுடன் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின் என்ற பொருளைக் குருதியில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வாங்குகிறது. வாய் உலர்கிறது. கைகால்கள் ஓடவோ அடிக்கவோ ஆயத்தமாகின்றன. பயமும் கோபமும் இந்த ஒரே ஆயத்தத்திலிருந்து வரக்கூடியவை. விழுந்து எழும்பிய மனிதர் சிறிது நேரத்தில் பேரனுக்குக் கை ஓங்கியதன் விளக்கம் இதில் உண்டு. உடல் சண்டைக்கு ஆயத்தமாகி நின்றது. எதிரே வந்தது ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை.

இந்தக் காவற்காரனைக் குறை சொல்லவும் முடியாது. பொம்மரின் இரைச்சல் கேட்டதும் நின்று யோசித்திருந்தால் எம்மில் எத்தனை பேர் பதுங்கு குழிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம்?

நாட்குறிப்பும் கமக்காரனும்

அமிக்டலாவுக்கு அருகில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி உள்ளது. எந்த நிகழ்ச்சி எப்போது, எங்கே நடந்தது என்று குறித்து வைப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பேரதிர்ச்சியின்போது இந்த நாட்குறிப்புச் சரியாக எழுதப்படுவதில்லை. பயம் ஆழமாகப் பதிகிறது. திகதியும் இடமும் மங்கிவிடுகின்றன. அதனால் பழைய செல்லடி, கலியாண வீட்டுச் சீனவெடியிலும் ஹெலியின் சத்தத்திலும் இன்று நடப்பதுபோல் திரும்பி வருகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முன்னோர் சொன்னது இந்த அனுபவத்தைத்தான்.

இந்தக் காவற்காரனுக்குக் கட்டளையிடக்கூடியவர் ஒருவரும் உண்டு. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையே அது. அதைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரனான கமக்காரன் என்போம். "இது செல் அல்ல, இடி" என்று ஆராய்ந்து காவற்காரனை இருத்துவது அவர் வேலை. ஆனால் அவர் வந்து சேரச் சற்று நேரமாகும்.

முன்மூளையின் இந்தப் பணியை உலகம் உணரத் தொடங்கியது ஒரு விபத்தினால். 1848இல் அமெரிக்காவில் தண்டவாளப் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியஸ் கேஜ் என்ற தொழிலாளியின் முன்மூளையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் உயிர் தப்பினார். பேச்சும் நடையும் இருந்தன. ஆனால் பொறுமையும் நிதானமும் போய்விட்டன என்று அவரது வைத்தியர் எழுதினார். ஆயினும் பின்னர் அவர் சிலி நாட்டுக்குச் சென்று சில ஆண்டுகள் குதிரை வண்டிச் சாரதியாக வேலை செய்தார். ஒழுங்கான தொழில் அவரைப் பெருமளவு மீட்டது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். உடலைப் பற்றித் தமிழில் படித்த ஊரில் மனதைப் பற்றியும் தமிழில் கூச்சமின்றிப் பேசலாம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்ற நூலை எழுதியதும் எம்மவரின் மனநெருக்கீடுகளை எம்மவருக்குத் தமிழில் விளக்கவே.

தண்ணீர் மாறுவதுபோல

கற்ற பயத்தை அழித்துவிட முடியுமா? முற்றாக முடியாது என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் அதன் அருகே புதியதொன்றைக் கற்பிக்கலாம். இறைப்பு வேளையில் தண்ணீர் மாறுபவருக்கு இது நன்கு விளங்கும். தண்ணீர் பழைய வாய்க்காலிலேதான் ஓடப் பார்க்கும். மண்வெட்டியால் அதை மறித்துப் புதுப் பாத்திக்குத் திருப்ப வேண்டும். முதல் நாள் வரம்பு உடைக்கும். திரும்பத் திரும்ப வெட்டி அணைத்தால் புது வாய்க்கால் பழக்கப்பட்டுவிடும். மூளையின் நரம்புப் பாதைகளும் பயன்படுத்தப் பயன்படுத்தவே பலப்படுகின்றன. இது எந்த வயதிலும் நடக்கக்கூடியது.

நாம் செய்யக்கூடியவை

1. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்புத் தணிகிறது. காலையிலும் படுக்கைக்கு முன்பும் ஐந்து நிமிடம் பழகுங்கள். ஆறுதலாக இருக்கும்போது பழகினால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும். செபமாலை, மந்திரம் ஓதுதல், யோகாசனம் ஆகியவையும் அவரவர் வழக்கப்படி பயன்படும் சாந்த வழிமுறைகளே.

2. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள். "எனக்குப் பயமாக இருக்கு", "எனக்குக் கோபம் வருது" என்று வாயால் சொல்லும்போது முன்மூளை வேலை செய்யத் தொடங்குகிறது; அமிக்டலாவின் கொந்தளிப்புக் குறைகிறது.

3. நாட்குறிப்பைத் திருத்துங்கள். காலடி மண்ணைத் தொடுங்கள். அருகில் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்லுங்கள். இன்று என்ன ஆண்டு, எந்த ஊரில் நிற்கிறேன் என்று உரத்துச் சொல்லுங்கள்.

4. கோபம் ஏறினால் இடத்தை விட்டு நகருங்கள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வரும் நேரம், கமக்காரன் வந்துசேரப் போதுமாக இருக்கும். தவறி அடித்துவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளைகளின் முன்மூளை இருபது வயது கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எம்மைப் பார்த்தே அவர்கள் நிதானத்தைக் கற்கிறார்கள்.

5. சாராயத்தையும் கள்ளையும் மருந்தாக எண்ணாதீர்கள். அவை முதலில் மயக்குவது முன்மூளையை. கமக்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் காவற்காரனிடம் வீட்டை ஒப்படைத்த கதையாகிவிடும். நித்திரையும் கெடும்.

மாதக்கணக்காக நித்திரையின்மை, பயங்கரக் கனவு, வேலையில் நாட்டமின்மை இருந்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம்.

கோபத்தை ஆள்வது, காணியை மறப்பது அல்ல

"அப்படியென்றால் எல்லாவற்றையும் மறந்து சும்மா இருக்கச் சொல்லுறியளோ?" என்று சிலர் எம்மிடம் கேட்டதுண்டு. இல்லை. காணி போனவருக்கு வரும் துயரம் நோயல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை மனைவி பிள்ளைகள்மேல் இறக்குவதுதான் வீண். பதறும் மனிதர் பிரதேச செயலகத்தில் இரண்டு வார்த்தை பேசுமுன் சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். நிதானமானவர் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் கிடைக்கும்வரை கதிரையில் இருப்பார்.

எமது அயலவர் இப்போதும் இடிக்குப் பதறுகிறார். ஆனால் நிலத்தில் விழுவதில்லை. தோட்டத்து வரம்பில் குந்தியிருந்து மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு, "இது இடி. நான் மானிப்பாயில நிக்கிறன்" என்கிறார். மூச்சு அடங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறார். வாசலில் நிற்கும் பேரன் அவரைக் கண்டு இப்போது ஒளிப்பதில்லை.