பொறி எழுதிய வாதம்

கொழும்பிலே புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களும் கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகளுமே நம் நினைவுக்கு வருவர். 1874 ஆம் ஆண்டில் தோன்றிய சட்டக் கல்லூரியும் இங்கேதான் உளது. வாதம் எழுதப் புகுவோர் பழைய தீர்ப்புகளைத் தேடிப் படித்து, பொருந்துவதைக் கொண்டு, பொருந்தாததைத் தள்ளிய பின்னரே பேனாவை எடுப்பது மரபு. அத் தேடலே அவர்க்குக் கல்வியுமாயிற்று.

இன்றோ செயற்கை நுண்ணறிவுப் பொறி, கேட்ட மாத்திரத்திலே வாதத்தை எழுதித் தந்துவிடுகின்றது. நாட்கணக்கான உழைப்பு மிச்சமாவதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 2023 இல் நியூயோர்க்கில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். விமான நிறுவனமொன்றின் மீதான வழக்கில், சட்டத்தரணிகள் சமர்ப்பித்த முன்தீர்ப்புகளுள் ஆறு, எந்த நீதிமன்றமும் வழங்காதவை! சாட்ஜிபிடி என்னும் பொறி அவற்றைப் புனைந்திருந்தது. மெய்தானா என்று அதனிடமே வினவியபோதும், மெய்யே என்றது. நீதிபதி 5,000 டொலர் அபராதம் விதித்தார்.

பொறி பொய்யுரைக்கக் கருதியதன்று. ஒரு சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணித்துத் தொடுப்பதே அதன் தொழில்; உண்மையைச் சோதிப்பதன்று. ஆதலின் பொய்யும் மெய்யின் கோலத்திலேயே வருகின்றது.

பொறியை நாடியதை அந்நீதிபதி குற்றமெனக் கொள்ளவில்லை. சரிபாராமையையும், ஐயம் எழுந்த பின்னரும் அத்தீர்ப்புகளையே பற்றி நின்றதையுமே கண்டித்தார். நம் பிள்ளைகளுக்கும் இதுவே பாடம். பொறியைப் பறிப்பதால் பயனில்லை. "இதை எங்கே கண்டாய்? மூலத்தைத் திறந்து படித்தாயா?" என்று பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் கேட்கட்டும். நாளை அப்பிள்ளையை நம்பி ஒருவர் தம் காணியையோ விடுதலையையோ ஒப்படைக்கக் கூடுமன்றோ!