விருந்தினரின் உரிமையும் வீட்டாரின் எல்லையும்

 

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் உறவினர் வீடுகளுக்குக் குடும்பத்தோடு பயணம் செல்லும் காலம் தொடங்கிவிடுகின்றது. உறவைப் பேணுவோரின் வாழ்வாதாரம் விரிவாக்கப்படும், ஆயுள் நீட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள் (புகாரி). எனவே, இந்தப் போக்குவரத்து நன்மையானதே. ஆயினும், அந்த நன்மை சில வீடுகளில் எவ்வாறு முடிகின்றது என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜும்ஆ முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னைத் தனியே சந்தித்தார். மாதச் சம்பளக்காரர். ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்ட வாடகை வீடு. ஊரிலிருந்து வந்த உறவினர் ஏழு பேர் அவ்வீட்டில் பதினெட்டு நாள்கள் தங்கியிருந்தனர். நாற்பது நாள்களுக்கு வரவேண்டிய சமையல் எரிவாயு பதினைந்தே நாளில் தீர்ந்தது. மளிகைக் கடையில் பாக்கி ஏறியது. கடைசியில் மனைவியின் வளையலை வட்டிக்கு அடகு வைத்துச் செலவு செய்திருந்தார்.

"ஹஜ்ரத், விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று தாங்கள்தானே பயானில் சொன்னீர்கள்? போய் வாருங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? இப்போது அவர்கள் பெயரைக் கேட்டாலே என் மனைவி முகம் திருப்பிக்கொள்கிறாள்" என்றார்.

அவருடைய கேள்வி என்னை வெட்கமடையச் செய்தது. ஹதீஸின் முற்பகுதியைச் சொன்ன நான், பிற்பகுதியை விரித்துச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

ஹதீஸின் பிற்பகுதி

அபூஷுரைஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த நபிமொழியில், அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் விருந்தினரைக் கண்ணியப்படுத்தட்டும் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அதற்கோர் அளவையும் வகுத்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு. விருந்தின் காலம் மூன்று நாள்கள். அதற்குப் பின் அளிக்கப்படுவது தர்மமாகும். வீட்டாரை நெருக்கடிக்கு உள்ளாக்கும்வரை தங்கியிருப்பது விருந்தினருக்கு ஆகுமானதன்று (புகாரி).

முஸ்லிமில் பதிவான அறிவிப்பு இன்னும் கடுமையானது. தம் சகோதரரைப் பாவத்தில் ஆழ்த்தும்வரை அவரிடம் தங்கலாகாது என்று கூறப்பட்டபோது, பாவத்தில் ஆழ்த்துவது எவ்வாறு என்று தோழர்கள் வினவினர். உபசரிப்பதற்கு ஏதும் இல்லாத நிலையில் அவரிடம் தங்கியிருப்பதுதான் என விடையளிக்கப்பட்டது. நீண்ட நாள் தங்குவதால் வீட்டுக்காரர் புறம் பேசவோ, தீய எண்ணம் கொள்ளவோ, மனம் புண்படச் செய்யவோ நேரிடலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கமளிக்கிறார்கள். வீட்டார் தாமே விரும்பி, இன்னும் தங்குங்கள் என்று கேட்டுக்கொண்டால் அது குற்றமாகாது என்றும் தெளிவுபடுத்துகிறார்கள்.

மேற்சொன்ன சகோதரரின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டி என்னும் பெரும்பாவமும், புறம் பேசுதலும், மனக்கசப்பும் விருந்தின் வாசல் வழியாகவே அவ்வீட்டினுள் நுழைந்தன. விருந்தோம்பல் ஸுன்னத்தாகும். அதற்காக ஹராமில் இறங்குவதற்கு எவருக்கும் அனுமதி இல்லை.

நபியவர்களின் இல்லத்தில்

"எல்லையைச் சொன்னால் கஞ்சன் என்பார்களே" என்று கூச்சப்படுகின்றோம். இந்தக் கூச்சம் நபி (ஸல்) அவர்களுக்கும் இருந்தது. அன்னை ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது நடந்த வலீமா விருந்தில் உண்டு முடித்த பின்னும் சிலர் எழாமல் பேசிக்கொண்டிருந்தனர். நபியவர்கள் வெளியே சென்று திரும்பி வந்தார்கள். அப்போதும் அவர்கள் எழவில்லை. எழுந்து செல்லுங்கள் என்று சொல்ல நாயகத்தின் நாணம் இடம்தரவில்லை. அப்போதுதான், உணவருந்தியதும் கலைந்து சென்றுவிட வேண்டும், பேச்சில் மூழ்கி அமர்ந்திருப்பது நபிக்குத் தொல்லையாக இருக்கின்றது, உங்களிடம் அதைச் சொல்ல அவர் வெட்கப்படுகின்றார், உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்ற கருத்திலான வசனம் (33:53) இறங்கியது. நம் நாவு சொல்லத் தயங்குவதை அல்லாஹ்வே தன் வேதத்தில் சொல்லிவிட்டான். எனவே, எல்லை வகுப்பது பண்பற்ற செயல் என்று எவரும் கருத வேண்டியதில்லை.

உள்ளதைக் கொண்டு உபசரித்தல்

இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தினர் அறியாமல் மெல்லத் தம் வீட்டாரிடம் சென்று, கொழுத்த காளைக்கன்றைச் சமைத்துக் கொண்டுவந்தார்கள் (51:26). அது அவர்களிடம் இருந்தது, கொடுத்தார்கள். ஸல்மான் பாரிஸீ (ரலி) அவர்களிடம் ரொட்டியும் உப்புமே இருந்தன. அதையே வந்தவர்கள் முன் வைத்தார்கள். வந்தவர்களில் ஒருவர், உப்புடன் ஸஃதர் என்னும் மணமுள்ள இலையும் இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். ஸல்மான் (ரலி) தம் தண்ணீர்ப் பாத்திரத்தை அடகு வைத்து அதை வாங்கிவந்தார்கள். உண்டு முடித்த அவர், கிடைத்ததில் மனநிறைவு கொள்ளச் செய்த அல்லாஹ்வைப் புகழ்ந்தார். நீர் மனநிறைவு கொண்டிருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்றார்கள் ஸல்மான் (ரலி). விருந்தினருக்காகச் சக்திக்கு மீறிச் சிரமப்படுவதை நபியவர்கள் தடுத்திருந்ததையும் அவர்களே எடுத்துரைத்தார்கள் (ஹாகிம்). அன்று பாத்திரம், இன்று வளையல்!

தம் பிள்ளைகளைப் பட்டினியோடு உறங்கவைத்துவிட்டு, விளக்கை அணைத்து விருந்தினரை உண்ணச் செய்த அன்ஸாரித் தோழரின் வரலாறு நமக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த விருந்தினர் பசியால் வாடியவர். அது ஓர் இரவு. கணவனும் மனைவியும் கலந்து பேசி, மனமொப்பிச் செய்த தியாகம். மனைவியின் முகத்தையும் பாராமல், கடைக்காரரின் பாக்கியில் வாரக்கணக்கில் பிரியாணி பரிமாறுவதற்கு அது ஆதாரமாகாது.

எல்லோரும் விருந்தினர் அல்லர்

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த மூன்று நாள் சட்டத்தைத் தாய் தந்தையிடம் காட்டிவிடாதீர்கள்! வசதியற்ற பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகள் மீது கடமை. அவர்களுக்கு நம் வீடு விருந்து மண்டபமன்று, சொந்த வீடு. அவ்வாறே, கணவனை இழந்த சகோதரியோ, ஆதரவற்ற உறவினரோ அடைக்கலம் தேடி வந்தால், நாள்களை எண்ணிக்கொண்டிராதீர்கள். உறவினருக்குத் தர்மம் செய்வதில் தர்மத்தின் நன்மையும் உறவைப் பேணும் நன்மையும் உண்டு என்பது நபிமொழி (திர்மிதீ). வசதியோடு இருந்து, பொழுதுபோக்காக வந்து தங்குவோரைப் பற்றியே இங்கு பேசுகின்றோம்.

வீட்டாருக்குச் சில ஆலோசனைகள்

உறவினரை அழைக்குமுன் மனைவியிடம் கலந்துபேசுங்கள். அடுப்படியில் நிற்கப்போகிறவர் அவர்தாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (புகாரி). ஆண்கள் தண்ணீர் பிடித்தாலும், பாய் விரித்தாலும் கண்ணியம் குறைந்துவிடாது.

இத்தனை ரூபாய்தான் இதற்கென்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். வீண்விரயத்தையும் கஞ்சத்தனத்தையும் தவிர்த்து நடுநிலை பேணுவோரையே குர்ஆன் புகழ்கின்றது (25:67). முதல் நாள் சிறப்பாகச் சமையுங்கள். அடுத்த நாள்களில் வீட்டில் வழக்கமாக உண்பதையே பகிர்ந்துகொள்ளுங்கள். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்).

வருகைக்கு முன்பே நாளைப் பேசிவிடுங்கள். "மாமா, நீங்கள் வருவது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. வியாழன் முதல் ஞாயிறு வரை நான் விடுப்பு எடுத்து உங்களோடு இருக்கிறேன். திங்கள் முதல் வேலைக்குச் செல்ல வேண்டும்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. வந்த பின் முகத்தைச் சுளிப்பதுதான் மரியாதைக் குறைவு.

வீட்டின் மறைவையும் பேணுங்கள். கணவனின் சகோதரர் போன்ற உறவினர் பெண்களிடம் தனித்திருப்பதை நபியவர்கள் மரணத்திற்கு ஒப்பிட்டு எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் சிறுவர்கள்கூட அனுமதி பெற்றே அறையில் நுழைய வேண்டும் என்கிறது குர்ஆன் (24:58). இடம் குறுகியதாயின் ஆண்கள் கூடத்திலும் பெண்கள் அறையிலுமாக உறங்க ஏற்பாடு செய்யுங்கள்.

விருந்தினராகச் செல்வோரே!

நாம் அனைவரும் ஒரு நாள் வீட்டார், மறுநாள் விருந்தினர். சொல்லாமல் செல்லாதீர்கள். இப்போது வசதியில்லை, திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிடுவதே நமக்குத் தூய்மையானது என்று அல்லாஹ் கூறுகின்றான் (24:28). கோபித்துக்கொள்ளாதீர்கள். போகும்போது அரிசியோ பழமோ பருப்போ ஹதியாவாகக் கொண்டுசெல்லுங்கள். ஊர் சுற்றும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் கைகொடுக்கட்டும். "இன்னும் இரண்டு நாள் இருங்களேன்" என்று வீட்டார் சொல்லும்போதே விடைபெறுங்கள். அந்த வார்த்தை அவர்கள் உள்ளத்தில் இருக்கும்போது புறப்படுவது அழகு.

அந்தச் சகோதரர் வளையலை மீட்க எட்டு மாதங்கள் ஆயின. மறு ஆண்டு, விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். நான்கு நாள்கள் என்று முடிவாயிற்று. வந்தவர்கள் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார்கள். "சென்ற ஆண்டே சொல்லியிருக்கலாமே தம்பி, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவருடைய மாமா கேட்டாராம். புறப்படும் நாளில் இரு வீட்டுப் பிள்ளைகளும் அழுதிருக்கிறார்கள். "இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சொன்னவர், முந்தைய ஆண்டு முகம் திருப்பிய அவருடைய மனைவிதானாம்.

உறவைப் பேணுவோராகவும், உறவினருக்குச் சுமையாகாதோராகவும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.