செம்பொருள் நீங்கிய தொடர்களும் எம்டன் வழக்கும்

சொற்பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் தோன்றும் என்பது பெயரியலில் தொல்காப்பியர் கொண்ட கருத்து. குறிப்பாகத் தோன்றிய பொருளே நாளடைவில் குறிப்பென்னும் நிலை நீங்கி இறுகிவிடுமாயின், அதனை மரபுத்தொடர் என்கிறோம். 'மானம் கப்பலேறிற்று' என்பதனை நோக்குக. 'மானம் தோணியேறிற்று' என்றோ, 'கப்பலினின்று இறங்கிற்று' என்றோ மாற்றின் பொருள் சிதையும். தொடர் முழுவதும் ஒருசொல் நீர்மைத்தாய் நிற்றலே இதற்குக் காரணம். இத்தகைய தொடர்கட்குப் பிறப்புக்கதை கூறுவார் பலர். சான்று காட்டுவார் அரியர்.

பிறந்த நாளே தெரிந்த வழக்கொன்றைச் சென்னைத் துறைமுகம் நமக்குத் தந்துள்ளது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. அரைமணி நேரத்திற்குள் கப்பல் இருளில் மறைந்தது. அச்சத்தால் மக்கள் திரள்திரளாக நகரை விட்டகன்றனர். அவ்வாண்டு நவம்பர் 9-இல் கோக்கோசுத் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி அதனைத் தாக்கி அழித்தது.

கப்பல் அழிந்தும் பெயர் அழியவில்லை. 'அவன் சரியான எம்டன்' எனின், சூழ்ச்சி வல்லவன் என்றோ, பிறர் அஞ்சும் கடுமையுடையவன் என்றோ பொருள்படும். முதலில் 'எம்டன் போன்றவன்' என்னும் ஒப்புமையே இருந்திருத்தல் வேண்டும். பின்னர் உவம உருபு தொக்கது. அதன்பின் உவமையும் மறந்தது. கடலும் குண்டும் எண்ணெயும் உதிர்ந்துபோக, எதிர்பாரா வேளையில் வந்து ஏய்த்துச் சென்ற திறமும், அது விளைத்த அச்சமுமே எஞ்சின. எமன் என்னும் சொல்லின் ஒலியும் இவ்வச்சப் பொருளுக்குத் துணைசெய்தது எனக் கருத இடமுண்டு.

ஈண்டு மலையாளத்தை ஒப்புநோக்குதல் பயன்தரும். அங்கு வழங்கும் 'யமண்டன்' என்பதும் இக்கப்பற்பெயரின் திரிபே என்பர். ஆயின் அதன் பொருள் 'மிகப் பெரியது' என்பதாம். எம்டனோ போர்க்கப்பல்களுள் சிறியவகையினது! பொருளைத் தேர்ந்தது கப்பலன்று, வழங்கிய மக்களே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

2006-இல் 'எம்டன் மகன்' எனப் பெயரிடப்பெற்ற திரைப்படம், தமிழ்ப்பெயர்க்குரிய வரிவிலக்கின் பொருட்டு 'எம் மகன்' என மாற்றப்பட்டது. ஒலியால் இஃது அயற்சொல் என்பதில் ஐயமில்லை. பொருளையும் அயலது எனல் பொருந்தாது. செருமானியர்க்கு எம்டன் இன்றும் வடகடலோரத்துத் துறைமுக ஊரொன்றின் பெயரே.